இன்ஸ்பெக்டர் மீசைக்கு ஒன்ஸ் மோர்

யுத்தம் முடிஞ்ச சமயம். மயிலாப்பூர்ல ஒரு சபாவுல நாங்க நாடகம் போட்டுக்கிட்டிருந்தோம். எல்லாரும் குமாஸ்தாக்கள். அஞ்சு மணி வரைக்கும் பைல் கட்டுவோம், ஆறு மணிக்கு வேஷம் கட்டுவோம். எனக்கு ரெண்டு வருஷமா வசனமே இல்லாத வேஷம்தான். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழியா போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம் வாங்கினேன். ஒரே காட்சி. ஒரு வீட்டுக்கு விசாரணைக்கு வரணும், காபி குடிக்கணும், "அப்புறம் பாக்கறேன்"னு சொல்லிட்டுக் கிளம்பணும்.

நாடகத்தை எழுதினவர் சபா செக்ரட்டரி. சைடுல நோட்டோட உக்காந்து வசனம் எடுத்துக் கொடுக்கறவரும் அவரே. "ஓய், நான் எழுதினதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினீர்னா அப்புறம் உமக்கு வேஷமே கிடையாது"ன்னு முன்னாடியே எச்சரிச்சுட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. முந்தின நாடகத்துல பிணமா படுத்திருந்தப்போ கொசு கடிச்சுது. அடிச்சுட்டேன்.

அன்னிக்கு ஹால் நிறைஞ்சிருந்தது. அந்த வீட்டு மாமியா வேஷம் கட்டினவர் எங்க ஆபீஸ் ஹெட் கிளார்க். பகல்ல என்னைத் திட்டற வாய், மேடையில "காபி சாப்பிடுங்கோ"ன்னு கொஞ்சுது. டம்ளரை வாயில வெச்சேன். ஆவி பட்டுக் கோந்து இளகி, ஒட்டு மீசை அப்படியே காபியில விழுந்துடுச்சு.

செக்ரட்டரி பல்லைக் கடிக்கற சத்தம் கேட்டுது. எனக்கு என்ன வந்ததோ, மீசையை ரெண்டு விரலால தூக்கினேன், பிழிஞ்சேன், மாமி மூஞ்சிக்கு நேரே காட்டினேன்.

"உங்க வீட்டுக் காபியில முடி கெடக்கு. கேஸ் போட்டுடுவேன்!"

கூரை இடிஞ்சு விழற மாதிரி சிரிப்பு. அதோட விட்டாங்களா? "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" பாட்டுக்குக் கேக்கறதை மீசைக்குக் கேட்டாங்க. நம்ம ஊர் வழக்கம், கேட்டா திருப்பிச் செஞ்சே ஆகணும். செக்ரட்டரியே என்னை உள்ளே இழுத்து, ஒரு கரண்டி கோந்தை அப்பி மீசையை ஒட்டினார். "போம்! அதே மாதிரி விழணும்!"

விழலை. ஊதினேன், தலையை ஆட்டினேன், மூக்கைச் சுருக்கினேன். காபி தீர்ந்துபோச்சு, மீசை அசையலை. கடைசியில கையாலயே பிடிச்சு இழுத்தேன். ஒரு பக்கம் வந்துது, மறுபக்கம் வரலை, கண்ணுல தண்ணிதான் வந்துது. ஒருத்தரும் சிரிக்கலை.

பின் வரிசையிலேர்ந்து ஒரு குரல்: "இன்னா நைனா, பல்லு நோவுதா?"

அதுக்குச் சிரிச்சாங்க பாருங்க, எனக்குச் சிரிச்சதைவிட ரெண்டு பங்கு.

மறுநாள் செக்ரட்டரி தீர்ப்பு சொன்னார். மீசை விழறது நாடகத்துல சேர்ந்தாச்சு, வசனத்தையும் நோட்டுல எழுதியாச்சு. வேஷம் மட்டும் அவரோட மச்சினனுக்கு.

"அது நான் பேசினது சார்!"

"பேசினீர், ஒத்துக்கறேன். திருப்பிச் செய்ய வரலையே ஓய்? மீசையை அடக்கத் தெரியாதவர் எப்படி இன்ஸ்பெக்டரா இருக்கறது?"

என்னை ஒரேயடியா விரட்டிடவும் இல்லை. மீசை நேரத்துக்கு விழணுமே? அதுல ஒரு கறுப்பு நூலைக் கட்டி, நுனியை என் கையில கொடுத்து, சைடுல உக்கார வெச்சார்.

தியாகராய நகர்ல அடுத்த நாடகம். மச்சினன் டம்ளரை எடுத்தான். இழுக்காம விட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். செக்ரட்டரி என்னையே பாத்துக்கிட்டிருந்தார். இழுத்தேன். என் வசனத்தை அவன் சொன்னான். கொட்டகை அதிர்ந்துது.

முன் வரிசையில ஒரு பெரியவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே பக்கத்து ஆள்கிட்ட சொன்னது சைடு வரைக்கும் கேட்டுது: "என்னமா தானா விழுந்தது பாத்தீரா! இதெல்லாம் எழுதி வெச்சு வராதுங்காணும்."

நான் நூலைச் சுருட்டிப் பைக்குள்ள வெச்சேன். மறுநாளும் நாடகம் இருந்துது.