நேம்லிக்கு ஓர் அர்ச்சனை

கோவையில் ஒரு லாரி ஆபீசில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் நேம்லி யார் என்று எனக்குத் தெரிந்தது. அவள் ஆளே இல்லை. 'அதாவது' என்பது போல ஓர் இங்கிலீஷ் சொல். இன்னார் இன்னார் என்று பெயர்களைச் சொல்லுமுன் போடுவது. அதற்குப் பல வருஷம் முன்பே அம்மா அவளுக்குக் கோயிலில் அர்ச்சனையே செய்து முடித்திருந்தாள்.

அப்போது ராஜபாளையத்தில் ஆறாவது படித்தேன். அம்மா வேலை பார்த்த பஞ்சு மில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. வீட்டில் ஒருவேளைதான் உலை வைத்தோம். ஒரு மாலை, மில் கேட்டில் இங்கிலீஷில் காகிதம் ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு, அம்மாவும் கூட வேலைபார்த்த இரண்டு அத்தைகளும் என்னை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மூன்று பேரைத் திரும்ப எடுக்கிறார்கள் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். பிறகு பெயர்களைப் படித்தேன். முதலில் நேம்லி, அடுத்து அத்தைகள் இருவர், கடைசியில் அம்மா.

"யாருட்டி அது நேம்லி?" என்றாள் பெரிய அத்தை.

"சோழபுரத்துலருந்து ஒரு வேதக்காரப் பிள்ள, சர்ச்சுக்குப் போறவ, வேலைக்கு வந்தாள்லா, அவளாத்தான் இருக்கும்" என்றாள் சின்னவள்.

அம்மா மட்டும் விரல்விட்டு எண்ணினாள். "மூணுன்னு போட்டுட்டு நாலு பேர எழுதிருக்கான். கடேசில கெடக்கவ நாந்தான?"

பெயர் என்றால் பெரிய எழுத்தில் தொடங்கும் என்று டீச்சர் சொன்ன அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை போலிருக்கிறது.

மறுநாள் விடியும்போதே அம்மா என்னோடு கேட்டில் நின்றாள். நேம்லி வந்தால் காலில் விழுந்தாவது வேலையைக் கேட்டுப் பார்ப்பதாக முடிவு. சங்கு ஊதியும் அவள் வரவில்லை. சூப்பர்வைசர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"சார், நேம்லி வரலையா?"

"அப்படி யாரும் இல்லம்மா. நீ உள்ள போ."

'இல்லை' என்று அவர் சொன்னதை, தனக்காக அவள் பெயரை அடித்துவிட்டார்கள் என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். ஆண்டாள் சன்னதியில் பட்டர் பெயர் கேட்டார்.

"நேம்லி."

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. வேதக்காரப் பிள்ள. எங்க இருந்தாலும் அதுக்கு ஒரு வேல கெடைக்கணும்."

பட்டர் நட்சத்திரத்துக்குப் பெருமாளின் திருவோணத்தையே சொல்லி அர்ச்சனை செய்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேலை நமக்குத்தானே கிடைத்தது, இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் கையிலிருந்த தேங்காய் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.