ரெஜினாவின் வட்டத்திலிருந்து எழுந்து போனவன்

திருவள்ளூர் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், ரெஜினா மேடம் போய்ட்டாங்க." வந்த ரயிலை விட்டுவிட்டேன். அடுத்ததையும் விட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய வகுப்பும் தெரியும். கல்லூரியில் எம்.ஏ. மாணவர்களுக்கு நானும் அவரும் சேர்ந்து எடுத்தது. ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும். அந்தப் பேச்சு முறியாமல் நடத்திச்செல்ல மாணவர்களே பழக வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒருவராக, இரண்டு பேர்தான் நடத்துவார்கள். எங்களிலும் அப்படித்தான்: அவர் காலனி, நான் ஊர். "நாம தீர்ப்பு சொல்ல வர்ல சார். யாரும் எழுந்து போவாம பாத்துக்கினா போதும்" என்பார்.

ஒருநாள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்த சேகர், தன் ஊர் டீக்கடையில் அப்பாவுக்கு இன்னும் தனி டம்ளர்தான் என்றான். அவன் முடிப்பதற்குள் எதிரே இருந்த ஊர்த்தெருப் பெண், "எங்க வீட்ல அப்படியெல்லாம் இல்ல" என்று அழுதுவிட்டாள். நான் பதறிப்போய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன், தேற்றினேன், வகுப்பையும் சீக்கிரமே முடித்தேன். ஏதோ புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

வெளியே வந்ததும் ரெஜினா கேட்டார்: "அழுதவளுக்குத் தண்ணி குடுத்தீங்க. சொன்னவன் இன்னா ஆனான்னு பாத்தீங்களா சார்?"

நான் பார்க்கவில்லை. சேகர் எப்போதோ எழுந்து போயிருந்தான். அதற்குப் பிறகு கல்லூரிக்கே வரவில்லை. அப்பா வேலை பார்த்த இரும்பு ஆலையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவன் படிப்பைக் கெடுத்தவன் நான்தான். போய்ப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று சொல்லியே வருடங்களை ஓட்டிவிட்டேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எங்கள் பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். காலனிக்காரர்கள் குழியருகில், ஊர்க்காரர்கள் வேலியோரம். யாரும் பிரித்து நிறுத்தவில்லை. இத்தனை பாடுபட்டும் இவ்வளவுதானா என்று மனம் விட்டுப்போயிற்று. பிறகுதான் கவனித்தேன், நானும் வேலியோரம்தான் நின்றிருந்தேன்.

மண் போட்டு முடிந்ததும் ஆலைச் சீருடையில் ஒருவன் என்னிடம் வந்தான். சேகர்.

"மேடம் வருசா வருசம் ஊட்டுக்கு வந்துகினே இருந்தாங்க சார். நான் சொல்றத கேட்டுகினு உக்காந்திருப்பாங்க. நீங்க ஒரு தபா கூட வர்ல."

கோபமில்லாமல்தான் சொன்னான். எனக்குத்தான் தாங்கவில்லை. ரெஜினா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

"இனிமேலாவது வரட்டுமா?" என்றேன்.

"வாங்க. ஊடு அதே காலனிலதான் கீது" என்று பஸ்ஸையும் இறங்கும் நிறுத்தத்தையும் சொல்லிவிட்டுப் போனான்.

ரெஜினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் தனியாகப் போய்வந்த அந்த வழி ஒன்றுதான். முப்பதாம் நாள் ஜெபமும் முடிந்துவிட்டது. நான் இன்னும் போகவில்லை.