ஏலத்தில் யாரும் கேட்காத அதிரசம்

கம்பம் பள்ளத்தாக்கில் கிறிஸ்தவர்களின் அறுப்புப் பண்டிகை பார்க்கப் போகிறேன் என்றதும், விடுதித் தோழிகள் வழியைக் குறித்துவரச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவர்களும் போகவேண்டுமாம். அதனால் வழியை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதைக் கோபமில்லாமல் எழுத என்னால் ஆகாது.

போன மாதம் கடைசி வெள்ளிக்கிழமை நானும் ஞானப்பூவும் புறப்பட்டோம். எங்கள் மதுரைப் பள்ளியில் நாலாம் பாரத்தில் அவள் என் பக்கத்து இடம். விடுதியில் பக்கத்துப் பாய். நாங்கள் போன ஊர்க் கோவிலில் என் மாமா உபதேசியார். ஞானப்பூவுக்கோ அதுவே சொந்த ஊர். போடிக்குப் போகிற ஆசிரியை தேனிவரை துணைக்கு வந்தார். மதுரையில் காலை ஏழு மணிக்கு ரயில். மூன்றாம் வகுப்புக்குப் பன்னிரண்டணா. பதினொரு மணிக்குத் தேனியில் இறங்கியபோது மாமா காத்திருந்தார். அங்கிருந்து மோட்டார் பஸ்ஸில் சின்னமனூர், உத்தமபாளையம் வழியாக இருபத்தைந்து மைல், எட்டணா. பஸ் நிரம்பினால்தான் நகரும்.

"ஏப்பா, எப்பக் கெளப்புவ? ஏற்கனவே என் மடியில ஒரு ஆளு உக்காந்திருக்காரு!" என்றார் மாமா.

"மடிக்குத் தனி டிக்கெட்டா கேட்டேன் சாமி?" என்றார் டிரைவர். பஸ்ஸே சிரித்தது.

இறங்கிய ஊரின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் மற்ற ஊர்க்காரர்கள், தங்களைச் சொல்லவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு ஆராதனை. முன்னால் பெஞ்சுகள், அவை என் மாமா வீட்டாரைப் போன்றவர்களுக்கு. நாங்கள் ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி நனையாதபடி தூக்கிப் பிடித்துக் கரையேறியவர்கள். பின்னால் பாய்கள், அவை, ஊர் தீண்டாமல் ஒதுக்கிய கீழத்தெரு விசுவாசிகளுக்கு. ஞானப்பூ என்னைத் திரும்பிப் பார்க்காமல் பாய்க்குப் போனாள். டாக்கிப் படமும் நாவலும் பெண்பிள்ளைகளைக் கெடுப்பதைப் பற்றிப் போதகர் நாற்பது நிமிடம் பிரசங்கித்தார்.

வெளியே வந்ததும் ஞானப்பூ, "டாக்கிக் கொட்டகையில ஓரணா டிக்கெட்டுக்காரக எல்லாரும் ஒரே மணல்லதான் உக்காருவாகளாம்டி" என்றாள்.

பதினோரு மணிக்குக் காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியது. பணம் கோவிலுக்கு. மாமாதான் ஏலம் கூறினார். ஞானப்பூவின் அம்மா சின்னம்மாள் கொடுத்த பூசணிக்காயை அவர் தலைக்குமேல் தூக்கி, "பாருங்கய்யா, தொந்தி நம்ம கணக்கப்பிள்ளைக்கு இருக்கதவிடப் பெருசு!" என்றார். கணக்கப்பிள்ளையே சிரித்துக்கொண்டு பதினாலணாவுக்கு எடுத்தார்.

அடுத்து ஒரு பானை, வாயில் வெள்ளைத் துணி கட்டியது. கீழத்தெருவில் எப்போதும் நெல், கோழி, காய்தான் கொடுப்பார்கள், சமைத்ததை அல்ல. மகள் நாலாம் பாரத்துக்கு வந்த நன்றிக்காகச் சின்னம்மாள் இந்த வருஷம் அதிரசம் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். அவர் தென்னைமரத்தடியில் நின்று, பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதிரசம், ஓரணா!" என்றார் மாமா. யாரும் வாய் திறக்கவில்லை. "அரையணா!"

"உபதேசியாரே, நீங்களே எடுத்துக்கிடுங்க!" என்று பெஞ்சுக்காரர் ஒருவர் சொல்ல, கணக்கப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அதே சின்னம்மாள் வீட்டுப் பூசணிக்காய் அவர் மடியில் இருந்தது.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"எட்டணா!" என்றேன். அது என் திரும்பு பஸ் காசு.

"பொம்பளப் பிள்ளைக்கு ஏலத்துல என்ன வேல? உக்காரு."

"காணிக்கைப் பெட்டி பொம்பளைக கிட்டயும்தான வருது, மாமா?"

"மூணு தரம்" என்றார் அவர். நான் காசைக் கொடுத்துத் துணியை அவிழ்த்து, ஒன்றைத் தின்றேன். நல்ல பாகு, ஏலக்காய் மணத்தது. மாமாவிடம் நீட்டினேன்.

"வயிறு சரியில்ல ஆத்தா" என்றார். மதிய விருந்தில் இரண்டு முறை கறிச்சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நடுப்பகலில் கிணற்றடியில், தம் இனத்தார் தீண்டாத பெண்ணிடம் தண்ணீர் கேட்ட ஆண்டவரைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! அவர் அன்று இந்த ஊருக்கு வந்திருந்தால் பெஞ்சில் உட்காரவைத்துத் தாகத்தோடு அனுப்பியிருப்பார்கள். நம் கிறிஸ்தவப் பத்திரிகைகள் மாதந்தோறும் கதைப் புத்தகங்களையும் தலைப்பின்னலையும் கண்டிக்கின்றன. இந்தப் பானையைப் பற்றி ஒரு வரி உண்டா?

மறுநாள் மாமா என் முகத்தைப் பார்க்காமல் பஸ் காசு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் பானை என் மடியில் இருந்தது. ஞானப்பூ நன்றி சொல்லப்போகிறாள் என்று எண்ணியிருந்தேன்.

சின்னமனூர் தாண்டியதும், "ரெண்டாம் தரம் வரைக்கும் என்னத்தப் பாத்துக்கிட்டிருந்த?" என்று கேட்டாள்.

வேறு யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தேன். உண்மை அதுதான். அதை அவளிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போகிற தோழிகளுக்கு: பஸ்ஸில் வலப்பக்கம் உட்காருங்கள்; வயலும் மலையும் தெரியும். காலையில் குளிர் உண்டு, போர்வை வேண்டும். கையில் எட்டணா அதிகமாக இருக்கட்டும். ஏலத்தில் துணி கட்டிய பானை வந்தால் முதல் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.