கேட்டில் திறந்த மூடிகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தங்கச் சுரங்கத்தின் கராஜுக்கு வந்த வண்டிகளில் ஒன்றே ஒன்றில்தான் ஏசி இருந்தது. மைனின் பெரிய இன்ஜினியர் வைத்திருந்த வெளிநாட்டுக் கார் அது. அவர் மனைவிக்கு இளைப்பு நோய். காற்றடிக்கும் மாதங்களில் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து மாவு மாதிரித் தூசி கிளம்பும். கண்ணாடியை இறக்கினால் அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டும், ஏற்றிவிட்டால் வெக்கை தாங்காது. ஏசி ஓடினால்தான் அவர் பெங்களூர் டாக்டரிடம் போய்வர முடியும்.

ஒரு திங்கட்கிழமை அந்த ஏசி வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது. வியாழக்கிழமை அம்மா பெங்களூர் போயாக வேண்டும்.

நான் அப்போது டெம்பரரி. எட்டாவதோடு நின்றவன், ஹெல்பராகச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை பர்மனென்ட் லிஸ்ட் ஆபீசுக்குப் போகிறது என்று ஃபோர்மேன் சொல்லியிருந்தார். பர்மனென்ட் ஆனால் மைன் தொழிலாளர் லைனில் ஒரு வீடு கிடைக்கும். அதுவரைக்கும் ஆண்டர்சன்பேட்டையில் மச்சினன் வீட்டு முன்னறைதான், நானும் மனைவியும் ரெண்டு பிள்ளைகளும். அந்த வாரம் முழுக்க எதைத் தொட்டாலும் இது உடைந்தால் என் பேர் போய்விடுமே என்றுதான் தொட்டேன்.

ஏசி வேலை தெரிந்தவன் கராஜில் ஒருத்தன்தான். எலக்ட்ரீஷியன், என் வயசு. பெங்களூரில் ரெண்டு மாதம் கற்றுக்கொண்டு வந்தவன். முதலில் ஒரு சின்ன விளக்கைப் பற்றவைத்தான். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வரும். குழாயின் முனையை ஏசியின் ஒவ்வொரு இணைப்பிலும் காட்டிக்கொண்டே போனான். கேஸ் கசிந்தால் தீ பச்சையாக மாறும். கடைசிவரை நீலமாகவே எரிந்தது. அப்புறம் அழுத்தம் காட்டும் ரெண்டு கேஜ் மாட்டி இன்ஜினை ஓடவிட்டான். கம்ப்ரசர் சரியாக இருந்தால் ஒரு முள் இறங்கும், இன்னொன்று ஏறும். ரெண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஒரே இடத்தில் நின்றன.

"உள்ள வால்வு போச்சி மச்சான். சுத்துது, ஆனா அமுக்கல. புதுசுதான் போடணும்" என்றான்.

புதுசு ஒன்று முன்பே வாங்கி ஸ்டோரில் வைத்திருந்தார்கள். ஸ்டோர் இருந்தது மைன் வேலிக்கு உள்ளே, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டுக்குப் பக்கத்தில். கராஜ் வெளியே. புதன்கிழமை காலை என் கையில் சீட்டைக் கொடுத்து அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"ரெண்டு வாயிலயும் மூடி போட்டிருக்கும். தொறக்காத. உள்ள இருக்கிற எண்ணெய் காத்துல கீற ஈரத்த குடிச்சிடும். அப்புறம் ஏசி ஓடும்போது அந்த ஈரம் ஐஸாயி குழாய அடைச்சிக்கும்."

கோணிப்பையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரித்தான் தூக்கி வந்தேன். கேட்டில் நிறுத்தினார்கள். தங்கம் வெளியே போய்விடாமல் பார்ப்பதற்கென்றே இருக்கிற கேட் அது. டிபன் கேரியரின் அடித்தட்டையும் தட்டிப் பார்ப்பார்கள். காவல்காரர் என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், பெரிய மீசை.

"இன்னாபா இது?"

"கம்ப்ரசர்ணா."

"கம்ப்ரசரா? மைனுக்குக் காத்து அனுப்புற கம்ப்ரசர் வீடு மாதிரி கீது. இது இன்னா, அது போட்ட குட்டியா?"

"கார் ஏசிக்குண்ணா. சீட்டுல எழுதிக்கீது பாருங்க."

"சீட்டுல கம்ப்ரசர்னு கீது. கம்ப்ரசருக்குள்ள இன்னா கீதுன்னு எழுதல. தொற."

தொறக்கக் கூடாது என்று சொன்னேன். ஈரம், ஐஸ், எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடியது. என் முகம் அப்படி. சும்மா நிற்கும்போதே திருடினவன் மாதிரி வேர்க்கும் எனக்கு. அவரே ஸ்பேனரை வாங்கி ரெண்டு மூடியையும் கழற்றினார். கம்ப்ரசரைக் கவிழ்த்து எண்ணெயை ஒரு தகர மூடியில் ஊற்றி, துணியில் வடிகட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. எண்ணெயைத் தரையில் கொட்டிவிட்டு, "சரி, போ" என்று மூடிகளைத் திருகிக் கொடுத்தார்.

கேட்டிலிருந்து கராஜ் பத்து நிமிஷ நடை. எனக்கு அரைமணி ஆனது. சொன்னால் வண்டி தாமதமாகும், என் பேரில் எழுதுவார்கள், காவல்காரரையும் பகைத்துக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, மூடிகள் மூடியபடிதான் இருக்கின்றன. ஆனால் உள்ளே எண்ணெய் பாதிகூட இல்லை. பெங்களூர் ரோட்டில் ஒஸ்கோட்டாவுக்கு அந்தப் பக்கம் எங்கேயாவது கம்ப்ரசர் இறுகி, கண்ணாடியை ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் அந்த அம்மா உட்கார்ந்திருப்பது என் கண்ணில் வந்துகொண்டே இருந்தது.

எலக்ட்ரீஷியன் பழையதைக் கழற்றி வைத்திருந்தான். புதியதை வாங்கி இடத்தில் உட்காரவைத்து போல்ட்டைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை.

"இன்னா மச்சான், பொணம் மாதிரி நிக்கிற?"

"கேட்ல தொறந்துட்டாங்க. எண்ணெயக் கொட்டிட்டாங்க."

அவன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். சத்தம் கேட்டு ஃபோர்மேன் வந்தார். எல்லாவற்றையும் அவரிடமும் சொன்னேன். என்னைப் பார்க்காமல் அவனிடம் கேட்டார்.

"இன்னா பண்ணலாம்?"

"மிச்ச எண்ணெய வடிச்சிட்டு புதுசு ஊத்தணும் சார். அப்புறம் பம்ப் வெச்சி ரொம்ப நேரம் காத்த உறிஞ்சணும். ஆனா இந்த எண்ணெய் நம்மகிட்ட இல்ல. சுரங்கத்துக்குக் குளிர்காத்து அனுப்புற பிளான்ட்ல இருக்கும்."

அந்த பிளான்ட் இருந்ததும் அதே வேலிக்கு உள்ளேதான். "போய் நீயே எடுத்துக்கினு வா" என்றார் ஃபோர்மேன் என்னிடம்.

சீல் வைத்த எண்ணெய் டின்னோடு மறுபடியும் அதே மீசைக்கு முன்னால் நின்றேன்.

"அண்ணா, நீங்க கொட்டின எண்ணெய்க்குப் பதில் இது. இதையும் தொறந்தா வண்டி நாளைக்குப் போவாது. எனக்கு வேலையும் போயிடும்."

"உன் வேல போவும்னு நீ சொல்ற. சீல் வெச்சத தொறக்காம வுட்டா என் வேல போவும். நான் யார்கிட்ட சொல்றது?"

அவரும் நியாயமாகத்தான் பயப்பட்டார். "அப்ப நீங்களே கராஜுக்கு வாங்க. ஊத்தும்போது பாருங்க" என்றேன்.

சைரன் ஊதி ஷிப்ட் மாறியது. அடுத்த ஆளிடம் சொல்லி எழுதிவைத்துவிட்டு, டின்னைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார். எலக்ட்ரீஷியன் அளந்து ஊற்ற ஊற்ற, துணியைக் கையில் பிடித்தபடி குனிந்து பார்த்தார். டின் காலியானதும் அதையும் ஒருமுறை கவிழ்த்துத் தட்டினார்.

"நல்லாப் பாருங்க, அடியில தங்க பிஸ்கட் ஒண்ணு ஒட்டிக்கினு இருக்கும்" என்றான் எலக்ட்ரீஷியன். காவல்காரர் சிரிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை.

கம்ப்ரசரை மாட்டி, பெல்ட் போட்டு, பம்பை வைத்தோம். பொழுது சாயும்வரை பம்ப் ஓடியது. நிறுத்திய பிறகு முள் ஏறுகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தோம்; ஏறினால் எங்கேயோ காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். ஏறவில்லை. கேஸ் ஏற்றினான். விளக்கு நீலமாகவே எரிந்தது. இன்ஜினை ஓடவிட்டதும் ரெண்டு முள்ளும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போயின. காவல்காரர் காருக்குள் கையை நீட்டிக் குளிர்காற்றில் வைத்துப் பார்த்தார்.

"சுரங்கத்துல கீழ் லெவல்ல வெக்கையில வேல செய்றவனுக்கு இதுல ஒண்ணு வெச்சிக் குடுங்கடா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வியாழக்கிழமை கார் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு போய், ராத்திரி ஒழுங்காகத் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை லிஸ்ட் போவதற்கு முன் ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டார்.

"தொறக்க வுட்டதுக்கு உன் பேர அடிச்சேன். சொன்னதுக்குத் திரும்ப எழுதினேன். போ, வேலயப் பாரு."

ஆர்டர் ரெண்டு மாதம் கழித்து வந்தது. மைசூர் மைன்ஸ் பக்கம் லைனில் வீடு கிடைத்தது. ஆனாலும் அந்தக் கார் கராஜுக்கு வந்து நிற்கும்போதெல்லாம் நான் பானெட்டில் காதை வைத்துக் கேட்காமல் விட்டதில்லை. ஒருநாள் அந்த அம்மா உள்ளேயிருந்து கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, "என்னப்பா, வண்டி ஏதாவது சொல்லுதா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலைங்கம்மா" என்றேன். "கண்ணாடிய ஏத்திக்கோங்க, தூசி வருது."