மித்லாவில் எடுத்த படம்

மித்லாவுக்கு நான் ஊர் சுற்றிப்பார்க்கப் போகவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில், ஹனோவரில் சாய வேதியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சப்பாத்திக்கள்ளியில் வாழும் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புதான் என் ஆய்வுப் பொருள். அதை இன்னும் பானையில் காய்ச்சுகிற ஊர் மெக்சிகோவில் இருக்கிறது என்றார் பேராசிரியர். அவர், படம் எடுக்க ஒரு ஜெர்மன் மாணவன், நான் என்று மூன்று பேர் போனோம்.

சின்ன ஊர், எங்கும் புழுதி. ஜபொதெக் மக்கள் கட்டிய பழைய அரண்மனைகளின் சுவர் முழுக்க, சின்னச் சின்னக் கல்லாக வெட்டிச் சாந்து இல்லாமல் பொருத்திய படிக்கட்டுக் கோலம். அந்தக் கல்லையே பெயர்த்து ஸ்பானியர்கள் நடுவில் ஒரு தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். பேராசிரியர் அதை அழகான கலவை என்றார். திருடிக் கட்டியது என்றேன். அவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

சுவரில் இருந்த அதே கோலத்தை ஊர்க்காரர்கள் தறியில் நெய்தார்கள். சாயம் காய்ச்சும் அம்மாள் என்னைப் பார்த்ததும் ஜபொதெக்கில் பேச ஆரம்பித்தாள். எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த உள்ளூர் வழிகாட்டி சிரித்தார்.

"நீ எந்த மலையூர்ப் பெண், தாய்மொழி எப்படி மறந்துபோச்சு என்று கேட்கிறாள்."

"மதுரைப் பக்கம்மா" என்று தமிழிலேயே சொன்னேன். அந்த ஊர் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, என் உள்ளங்கையில் ஒரு பூச்சியை வைத்து நசுக்கினாள். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் சிவப்பு ஆரஞ்சானது. சாம்பல் நீர் விட்டதும் ஊதாவானது.

பேராசிரியரின் சுருட்டுப் புகை பானைக்கு ஆகாது என்று அவரை வெளியே உட்காரவைத்துவிட்டாள். இரண்டு நாள் பானைக்குப் பக்கத்தில் நின்று அளவு, சூடு, நேரம் எல்லாம் எழுதியது நான்தான். வெயிலுக்கு அவள் கொடுத்த சால்வையைத் தலையில் போட்டிருந்தேன். மாணவன் அப்போது என்னைப் படம் எடுத்தான்.

ஆறு மாதம் கழித்து ஹனோவரில் கண்காட்சி. வாசலில் ஆளுயரத்துக்கு அந்தப் படம். கீழே "சாயம் காய்ச்சும் இண்டியானரின், மித்லா" என்று அச்சிட்டிருந்தது. ஜெர்மன் மொழியில் இந்தியப் பெண் இண்டரின். அமெரிக்கப் பழங்குடிப் பெண் இண்டியானரின். மாணவன் படத்துக்குப் பின்னால் சரியாகத்தான் எழுதியிருந்தான். மெக்சிகோவில் ஏது இந்தியாக்காரி என்று தட்டச்சு செய்தவர் திருத்திவிட்டார். ஆராய்ச்சி என்ற இடத்தில் பேராசிரியர் பெயர் மட்டும்.

என்னை அந்த ஊர்க்காரி என்று நினைத்ததில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என் வேலையை விழுங்கியதுதான் பொறுக்கவில்லை. நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனேன்.

"ஹெர் ப்ரொஃபெசர், அது நான்."

"தெரியும். நல்ல படம். அச்சாகிவிட்டது. யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது?"

"எனக்குத் தெரியும்."

"உங்கள் நீட்டிப்பு மனு என் மேசையில் இருக்கிறது. நினைவிருக்கட்டும்."

ஆராய்ச்சிக் காலத்துக்கு அந்த ஒரு வருட நீட்டிப்பு கிடைக்காவிட்டால் அவரிடம் பட்டம் முடியாது. ஆய்வகத்தில் இருந்த இன்னொரு தமிழர், திருச்சிக்காரர், எனக்காகப் பயந்தார்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம். ஒரு போஸ்டருக்காகவா?"

"உங்க மூஞ்சிய மாட்டி, கீழ ஒட்டகக்காரன்னு எழுதினா என்ன செய்வீங்க?"

"ஹேண்ட்ஸமா விழுந்திருக்கேனான்னு பார்ப்பேன்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. ஒரு சீட்டில் தட்டச்சு செய்தேன்: "இண்டரின். வேதியியலாளர். இந்தச் சாயத்தின் அளவுகளை எடுத்தவர். கற்றுத்தந்த மித்லாப் பெண்ணின் படம் இங்கே இல்லை." படத்தின் கீழே ஒட்டினேன். மதியத்துக்குள் கிழித்திருந்தார்கள். ஆய்வகப் பசை போட்டு மறுபடி ஒட்டினேன்.

இந்தத் தடவை பேராசிரியரே வந்து, பார்வையாளர்கள் முன்னாலேயே நகத்தால் சுரண்டினார். அதில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு கிழவர் கேட்டார். சத்தமாகச் சொன்னேன். கிழவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேராசிரியர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அன்றே நான் ஒட்டிய மூன்றாவது சீட்டை யாரும் தொடவில்லை.

மனு கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. என் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு வேறு பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தேன். பட்டம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. போகட்டும் என்றுதான் இன்றும் சொல்வேன்.