மைதாப் பசை

திருச்சிப் புத்தகக் கடையில், தலை நிமிராமல் வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ நீட்டிய பைண்டு புத்தகத்தில் மைதாப் பசை மணத்தது.

எழுபதுகளில், ஸ்ரீரங்கத்தில், மாடிவீட்டு மாமி படித்துமுடித்த வாரப் பத்திரிகைதான் கீழ்வீட்டில் எனக்கும் தங்கைக்கும் கிடைக்கும். சிறுவர் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் மைதாப் பசை போட்டு பைண்டு பண்ணுவதற்காக முன்பே கிழித்து எடுத்திருப்பார். தங்கை அழுவாள், விட்டுப்போன கதையை நானே இட்டுக்கட்டிச் சொல்வேன்.

ஒருநாள் மாமி மனமிரங்கி அந்தப் பக்கங்களைக் கொடுத்தார். தங்கை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இதுல புலி சும்மா ஓடிப்போயிடுது மாமி. அக்கா சொன்ன புலி கொள்ளிடத்தையே நீந்திக் கடந்துச்சு."

புத்தகத்தைப் பிரித்தேன். உள்ளே பத்திரிகையில் வந்த என் தொடர்கதை, ஒரு வாரம்கூட விடாமல். நிமிர்ந்தேன். தலை நரைத்த மாமி.

"இப்ப கீழ்வீட்டுக் குழந்தைங்க என்ன படிப்பாங்க மாமி?"

"அதுகளும் உன்னாட்டம் எழுதட்டுமே."