"மொதல்ல ரேட்டச் சொல்லுங்க!"

போன மாதம் எங்கள் வீடு பட்ட பாடு இருக்கிறதே... படபடப்பு இன்னும் அடங்கவில்லை!

என் மனைவியின் அண்ணன் திருச்சியிலிருந்து இலங்கைக்கு, நாங்கள் இருக்கும் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தார். தங்கையைப் பார்த்துப் போக வந்த மனிதர், வந்த சுருக்கிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வயிற்றின் வலப்பக்கம் அழுத்திப் பார்த்தார்.

"அப்பெண்டிசைட்டிஸ். வெடிச்சிருச்சுன்னா ஆபத்து. ஒடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!"

பஸ்? போய்விட்டது. நல்லவேளை, தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குழிக்கும் மச்சான் அலறினார். பாதி வழியில் மோதிரத்தைக் கழற்றி என் கையில் திணித்தார்.

"இத வித்து ஆபரேஷனுக்குக் கட்டுங்க, மாப்ளே. பத்தலேன்னா கடன் வாங்குங்க. ஊருக்குப் போயி அனுப்பிடுறேன்."

அவர் அனுபவம் அப்படி. திருச்சியிலும் தர்மாஸ்பத்திரி உண்டு. ஆனால் அங்கே கூட்டத்துக்குப் பயந்து, ஒருமுறை தன் மனைவியை ஆபரேஷனுக்குத் தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்தார். முன்பணம் கட்டிய பிறகுதான் கத்தியையே எடுத்தார்களாம். தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த கையோடு தியேட்டருக்குத் தள்ளச் சொன்னார். மச்சானோ தள்ளுவண்டியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்!

"மொதல்ல ரேட்டச் சொல்லுங்க!"

"காசு இல்லீங்க. இது அரசாங்க ஆஸ்பத்திரி" என்றார் தமிழ் தெரிந்த நர்ஸ்.

"வெளிநாட்டுக்காரனுக்குமா?"

"வயித்துவலிக்கு ஏதுங்க நாடு? படுங்க!"

மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே... சும்மா வெட்டுறவங்க ஒழுங்கா வெட்டுவாங்களா?"

ஒழுங்காகத்தான் வெட்டினார்கள். வெடிப்பதற்குச் சற்று முன்னால் எடுத்துவிட்டதாக டாக்டர் வந்து சொன்னபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

கண் விழித்த மச்சானைப் பிடிக்க முடியவில்லை. மோதிரத்தை வாங்கி மாட்டிக்கொண்டு வார்டு முழுக்க ஒரே பிரசங்கம். "நீங்கள்லாம் குடுத்து வச்சவங்க!"

பக்கத்துக் கட்டிலில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர். "ஆமாங்க. வாசலுக்கு வந்துட்டா நாங்க குடுத்து வச்சவங்கதான். வந்து சேர்றதுதான் பாடு. எந்தங்கச்சி பிரசவ வலியோட பாதி ரோட்டுலயே உசுர விட்டுருச்சுங்க."

மச்சான் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

அவர் ஊரில் ஆஸ்பத்திரி பக்கத்துத் தெரு — காசுதான் எட்டாது. இங்கே காசு கேட்பதில்லை — ஆஸ்பத்திரிதான் எட்டாது. எந்த நாடு மேல்? என்னைக் கேட்டால், அவர்கள் ஊரைப் போல் பக்கத்துத் தெருவிலேயே நம் காசு கேட்காத ஆஸ்பத்திரி வேண்டும்!

ஆனால் மச்சான் ரொம்ப நேரம் அடங்கியிருக்கிற ஆளா? தையல் பிரித்த அன்று என் காதோரம் குனிந்தார்.

"மாப்ளே, எம் பையனுக்கு டான்சில் இருக்கு... அடுத்த லீவுக்குக் கூட்டிட்டு வரவா?"